ஹஃப்ஸாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு

ஆம்பூர்
புதன்கிழமை, லுஹர் தொழுத பிறகு

அன்பு மகன் ஒவைஸுக்கு அம்மி எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையில் இங்கே நானும் உன் தங்கச்சி ஹஃப்ஸாவும் அவள் மகள் அஃப்ஷாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே அடிஸ் அபாபாவில் நீயும் மருமகளும் என் பேரன் ஹபீபும் அதைவிட ஒரு படி ஜாஸ்தியாகவே சுகமாக இருக்கவேண்டுமென்று ஐந்து வேளையும் கை ஏந்திக்கொண்டிருக்கிறேன். கோபமாக இருக்கிற பிள்ளையிடம் சுகம் விசாரிக்கக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் எழுதியில்லை, அதனால் விசாரித்துவிட்டேன். பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா, கோபத்தில் அதையும் நிறுத்திவிட்டாயா என்று தெரியவில்லை.

இந்தக் காலத்தில் எந்த அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிக்கலாம். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடுவதில்லை, "அம்மி, அவ பக்கத்துல நிக்கிறாளா, பயப்படாம சொல்லுங்க" என்கிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுகிறேன் என்கிறாய். உன் அம்மியைப் பயமுறுத்துகிற ஆள் இந்த ஆம்பூரில் இன்னும் பிறக்கவில்லை என்பது உனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இந்தக் கோழிக் கிறுக்கல் கையெழுத்தை வேறு யாராலும் போட முடியாது. உருதில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ரம்ஜான் வந்துவிடும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். நான் இப்போது உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி வீட்டு முன்னறையில், அவர் சம்சாரம் சவுரியம்மாள் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள், ஹஃப்ஸா ஷூ கம்பெனிக்குப் போயிருக்கிறாள், அஃப்ஷா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், என் தலைக்கு மேல் யாரும் நிற்கவில்லை. உன் டேனரியில் உன்னோடு வேலை செய்கிற வாணியம்பாடிப் பிள்ளை காஷிஃப் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் ஒழுகினால் அவனைத் திட்டாதே, மூடி சரியில்லை.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் சாச்சா மஹபூப் பாஷா உனக்கு அனுப்பியதை நானும் பார்த்தேன். நம் வீட்டுக்கு முன்னால் நடுத்தெருவில் என் கட்டில் கிடக்கிறது, பீரோ நிற்கிறது, பிரியாணி தேக்சா கவிழ்ந்து கிடக்கிறது, கட்டிலின்மேல் நான் குடையைப் பிடித்துக்கொண்டு தஸ்பீஹ் மணியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், கண் கலங்கியிருக்கிறது, யாரோ கேட்டதற்கு "இனிமே இந்த வூடு என்னுது இல்லப்பா, பொண்ணுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்று என் வாயாலேயே சொல்கிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, அத்தனையும் நடந்ததுதான். ஆனால் சாச்சா அதற்குக் கீழே "எழுதி வாங்கின கையோட அண்ணிய வெளிய தள்ளிட்டா" என்று எழுதியிருக்கிறாரே, அது மட்டும் நடக்கவில்லை. என்னை யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் வெளியே வந்தேன். சாமான்களை வெளியே எடுக்கச் சொன்னதும் நான்தான், எடுக்கும்போது வழியில் வந்து நின்று அழுதவள்தான் உன் தங்கச்சி. ஏன் இப்படி ஒரு கூத்து நடந்தது என்று கேட்டால் உன் அம்மியின் அவசர புத்திதான் காரணம். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வீட்டை ஹஃப்ஸாவுக்கு எழுதப் போகிறேன் என்று நோன்புக்கு முன்னாலேயே உனக்குப் போனில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "உங்க வூடு, உங்க இஷ்டம் அம்மி" என்றாய். குரலில் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது, நான் கவனிக்காமல் இல்லை, ஆனால் வார்த்தை வார்த்தைதான். எனக்கு மஹர் என்று சொன்னதைக் கல்யாணத்தன்று கொடுக்க முடியாமல் பின்னால் உன் அப்பா இந்த வீட்டை வாங்கி என் பேரில் எழுதினார், அதனால் இது எனக்கு யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை, என் உரிமை. நான் கண்ணை மூடியபிறகு என்றால் மகனுக்கு இரண்டு பங்கு மகளுக்கு ஒரு பங்கு, அது அல்லா போட்ட கணக்கு, அதில் நான் கை வைக்க மாட்டேன். உயிரோடு இருக்கும்போது கொடுப்பது என் விருப்பம், ஆனால் பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை இருக்கக் கூடாது. உன் அப்பா உயிரோடு இருக்கும்போதே கெமிக்கல் கடையை உன் பேருக்கு எழுதினார், நீ அதை விற்றுப் பல்லாவரத்தில் ஃபிளாட் வாங்கினாய், நல்லது, சந்தோஷம். அன்றைக்கு அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்? ஹஃப்ஸாதான். ஒரு வார்த்தை முணுமுணுத்தாளா? வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சேமியா கிண்டிக் கொடுத்தாள்.

அவள் புருஷனிடமிருந்து குலா வாங்கிப் பிரிந்து அஃப்ஷாவோடு திரும்பி வந்த புதிதில் உனக்குத் தெரியாத ஒரு காரியம் நடந்தது. அம்மிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று தனியாக வாடகை வீடு தேடினாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. போன இடத்திலெல்லாம் "ஆம்பளை யாரும்மா இருக்காங்க" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரி அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, புருஷன் இல்லை என்று தெரிந்ததும், "இன்னாம்மா, முன்னாடியே சொல்றது இல்லையா" என்று கதவைச் சாத்தினாளாம். இவள் கம்பெனியில் பேரு எடுத்தவள், இவள் ஓகே சொன்னால்தான் ஷூ பெட்டிக்குள் போகும், அப்படிப்பட்டவளுக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. நாளைக்கு நான் போனபிறகு நீ அவளை வெளியே போகச் சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் உன் தயவில் இருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டு, சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட உன்னைக் கேட்டுக்கொண்டு நிற்பாளே, அதுதான் என் நெஞ்சில் உறுத்தியது. அதனால்தான் எழுதினேன், இதில் வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பக்ரீத் கழிந்து பத்திர ஆபீசுக்குப் போனோம். பத்திரம் எழுதுகிற பிரேம்நாத் நல்ல பையன், அவன் அப்பாதான் உன் அப்பாவுக்கும் எழுதினவர். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, உங்க ஆயுசு வரைக்கும் நீங்களே அனுபவிக்கலாம்னு ஒரு வரி சேத்துடட்டுமா, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, பின்னாடி பேஜார் இருக்காது" என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். சட்டியைக் கொடுத்துவிட்டுக் கைப்பிடியை நானே வைத்துக்கொள்கிற மாதிரி அது, கொடுத்தால் கொடுத்ததாக இருக்கவேண்டும். அந்த வரி இல்லை என்பதுதானே உனக்குப் பெரிய கோபம்? அது ஹஃப்ஸா செய்த சூழ்ச்சி இல்லை, சேர்க்கச் சொல்லி அவள்தான் கெஞ்சினாள், அவள் பேச்சை நான் கேட்கவில்லை. பிரேம்நாத் பத்திரத்தை வாசித்துக் காட்டினான், "இன்று முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று ராகம் போட்டு வாசித்தபோது நம் இரண்டு அறை வீட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, ஹஃப்ஸாவுக்கு அழுகை வந்தது. அப்புறம் கைரேகை மெஷினில் என் விரல் விழவே இல்லை. எத்தனை வருஷம் ஷூ அப்பருக்குக் கையால் தையல் போட்ட விரல், ரேகையெல்லாம் ஊசியோடு போய்விட்டது போல. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்ணைப் படம் பிடித்துக்கொண்டார்கள். சாட்சிக்கு ஆரோக்கியசாமியும் அவர் மகனும் வந்தார்கள். உன் சாச்சாவைத்தான் முதலில் கூப்பிட்டேன், மூட்டுவலி, எழுந்து நடக்க முடியவில்லை என்று சொல்லியனுப்பினார். சாயந்தரம் பார்த்தால் மனிதர் பஜாரில் நின்று பக்கோடா தின்றுகொண்டிருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, சர்க்கார் ஒப்புக்கொண்டது சரி, மார்க்கப்படியும் சரியாக இருக்கவேண்டாமா என்று நம் பள்ளிவாசல் அப்துல் ஹமீத் ஹஜ்ரத்தின் மனைவி புஷ்ரா ஆலிமாவிடம் கேட்கப் போனேன். அவர் பெண்கள் மதரசாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், நடுவில் எழுந்து வந்து பேசினார். ஹிபா என்று ஒன்றைத் தானமாகக் கொடுத்தால் சொல்வது மட்டும் போதாது, வீட்டைக் கையில் ஒப்படைக்கவேண்டும், கொடுத்தவருடைய சாமான் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால் அது முழுசாக ஒப்படைத்ததாக ஆகாது, வீடு காலியாக இருக்கவேண்டும் என்றார். இதைக் கேட்டதுதான் தாமதம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதிக் கொடுத்து ஒரு மாசமாகிறது, என் பீரோவும் கட்டிலும் தேக்சாவும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டிருக்கின்றன, நான் பாட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன். ஜஸாக்கல்லா சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், பின்னால் ஆலிமா "அன்வரி ஆப்பா, நில்லுங்க, இன்னும் சொல்லி முடிக்கல" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது, வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். உன் அப்பா சொல்வாரே, அன்வரி பாதி பேச்சைக் கேட்டே முழுக் காரியத்தையும் முடித்துவிடுவாள் என்று, அதேதான்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அன்றைக்கே வைத்துக்கொண்டேன். ஹஃப்ஸா "இன்னா அம்மி இது, தெருவே பாக்கும், வேணாம்" என்று எவ்வளவோ சொன்னாள். நான் ஆரோக்கியசாமி மகனையும் அவன் தோஸ்த் இரண்டு பேரையும் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வைத்தேன். பீரோ வாசற்படியில் மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடியது, உள்ளே எப்படித்தான் கொண்டுபோனார்களோ தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, சவுரியம்மாள் ஓடிவந்து குடையைக் கையில் கொடுத்தாள். எல்லாம் வெளியே வந்தபிறகு வீட்டுச் சாவியை ஹஃப்ஸா கையில் வைத்து, இந்த வீட்டை உனக்கு ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் போட்ட கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒவைஸ், எனக்கு அழுகை வந்தது. மறைக்க மாட்டேன். உன்னையும் அவளையும் பெற்ற வீடு, உன் அப்பாவின் ஜனாஸா எழுந்த வீடு, வெளியே உட்கார்ந்து பார்த்தால் அது யார் வீடோ போல இருந்தது. கொடுத்ததற்கு வருத்தம் இல்லை, ஆனாலும் வலித்தது, இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்த எவனோ "இன்னா அம்மி, வெளிய ஒக்காந்துனு இருக்கீங்க" என்று கேட்க, நான் விளக்கமாகவா சொல்லிக்கொண்டிருப்பேன், உள்ளதைச் சொன்னேன், உன் சாச்சா எதிர்க்கடை நிழலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மூட்டுவலிக்காரருக்கு அத்தனை நேரம் கையைத் தூக்கிப் பிடிக்க முடிந்திருக்கிறது.

உள்ளே போன ஹஃப்ஸா ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. காலியான வீட்டில் அஃப்ஷா பேசினால் எதிரொலி கேட்கிறதாம், வெளியே ஓடிவந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உள்ள பயமா இருக்கு அம்மி, வாங்க" என்றாள். இதுதானடா உன் தங்கச்சி என்னை வெளியே தள்ளிய அழகு. அந்த நேரத்தில் புஷ்ரா ஆலிமா புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தார், தெருவில் பீரோவைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட, இல்லை, நான் கேட்காமல் வந்த மீதிப் பேச்சு என்ன தெரியுமா? சாமானை எடுக்கவே வேண்டாமாம். முதலில் என் சாமானெல்லாம் உன் பொறுப்பில் இருக்கட்டும் என்று ஹஃப்ஸாவிடம் சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டை ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வந்து திரும்பினாலே போதுமாம். நான் பீரோவைப் பார்த்தேன், பீரோ என்னைப் பார்த்தது. சவுரியம்மாள் சிரித்த சிரிப்பில் தெருவே சிரித்தது, ஹஃப்ஸாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாயந்தரம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டு போனோம், கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாம் அம்மி, காத்து வரும் என்று அவள் சொன்னாள், அவள் வீடு, அவள் சொன்ன இடத்தில் போட்டேன். நிஜமாகவே காற்று நன்றாக வருகிறது, இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவில்லை.

அன்று இஷா தொழுதுவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உன் போன் வந்தது. ஹஃப்ஸா ஆசையாக எடுத்தாள், ஊரே சிரித்த கதையை உனக்குச் சொல்லலாம் என்று. நீ அவளைப் பேச விடவில்லை. "அம்மிய தெருவுல ஒக்கார வெச்சவ எனக்குத் தங்கச்சி இல்ல, அந்த வூட்டுக்கு இனி நான் வர மாட்டேன், அந்த வூட்ல நீ நல்லாவே இருக்க மாட்டே" என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது, அஃப்ஷாவுக்கும் கேட்டது. நான் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டாய். அவள் நீ வைத்துவிட்ட போனைப் பார்த்து "சரி பாயிஜான்" என்று மட்டும் சொன்னாள், தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள், அது எனக்கு அவள் அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது. என்மேல் உனக்குள்ள பாசத்தினால் வந்த கோபம் என்று எனக்குத் தெரியும், அம்மி தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எந்த மகனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது. ஆனால் பாசத்தில் விட்ட கல்லும் மண்டையை உடைக்கத்தானே செய்யும். சாச்சா கெட்டவர் இல்லை, செய்தியை ஆற வைத்துப் பரிமாறத் தெரியாதவர், அவ்வளவுதான். நீ படித்தவன், ஒரு போன் போட்டு அம்மியிடம் இன்னா நடந்தது என்று கேட்டுவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம்.

அஃப்ஷா போன வாரம் பள்ளிக்கூடத்தில் அமிர்திக்கு டூர் போய்வந்தாள், அருவியில் தண்ணீர் கம்மி, குரங்கு ஜாஸ்தி, இவள் பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம், அதைத்தான் மாமாவுக்குச் சொல்லணும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இப்போது கேட்பதில்லை. ஆரோக்கியசாமிக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். எனக்கு முழங்கால் பரவாயில்லை. நம் தெருவில் கால்வாய் தோண்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எப்போது மூடுவார்களோ.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பஜாரில் பிரேம்நாத் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம்கட்டினான். "அம்மா, உங்க பொண்ணு ஆபீசுக்கு வந்துச்சு, வூட்ட அவங்க அண்ணன் பேருக்குத் திருப்பி எழுதணுமாம், உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து கேட்டேன், அவள் மறைக்கவில்லை. "வூடு என்னுதுதானே அம்மி, யாருக்கு வேணா நான் குடுப்பேன், பாயிஜான் வர மாட்டேன்னு சொல்ற வூட்ல நான் எப்படி ஒக்காருவேன், அவர் பேருக்கே எழுதிட்டா பழையபடி பேசுவாரு" என்கிறாள். நான் திட்டினேன், அழுதேன், உன் அப்பாமேல் ஆணையிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் ஒரு வரியும் மிச்சம் வைக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டேனே, அவள் வீட்டை அவள் கொடுப்பதைத் தடுக்க எனக்கு ஒரு பாத்தியமும் இல்லை. அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்க வேண்டாம், எனக்கே தெரியும். பிரேம்நாத் நல்ல மனசோடு தேதியைத் தள்ளிக்கொண்டிருக்கிறான், போகும்போதெல்லாம் சர்வர் வேலை செய்யவில்லை என்று அவளிடம் சொல்லி அனுப்புகிறானாம். பொய் சொல்வது பாவமில்லையா தம்பி என்று கேட்டேன், "பாதி நாள் அது நிஜம்தாம்மா" என்றான். எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்வான்?

திரும்பவும் புஷ்ரா ஆலிமாவிடம் போனேன், இந்தத் தடவை கடைசி வார்த்தை வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். கொடுப்பவளை நாம் தடுக்க முடியாது, ஆனால் வாங்குகிறவர் சம்மதித்து கபூல் சொல்லாவிட்டால் கொடுத்தது நிற்காது, அது ஹிபாவே ஆகாது என்றார். சர்க்கார் பத்திரத்துக்கும் அப்படித்தானாம், பிரேம்நாத்தும் சொன்னான். அப்படியானால் இந்த விஷயம் என் கையில் இல்லை, ஹஃப்ஸா கையிலும் இல்லை, உன் கையில் இருக்கிறது. ஒவைஸ், நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, நீ அனுப்பியதைத்தான் வாங்கிக்கொண்டேன். இப்போது கேட்கிறேன். அவள் உனக்கு எழுதித் தருகிறேன் என்று வருவாள், நீ வாங்காதே. கபூல் சொல்லாதே.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனையும் வைத்துவிடாதே. அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வாள், இன்னும் ஜாஸ்தியாகப் பிடிவாதம் பிடிப்பாள். மன்னிப்பெல்லாம் நீ கேட்க வேண்டாம், கேட்டாலும் அவளுக்குத் தாங்காது. அடுத்த லீவுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம், உன் வூட்ல தங்க எடம் குடுப்பியா என்று கேள். அது போதும். அப்புறம் அவள் பத்திர ஆபீஸ் பக்கமே போக மாட்டாள், பாய் எது, தலையணை எது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

மருமகளுக்கு என் சலாமும் துவாவும் சொல், அந்த ஊர்க் குளிரில் ஹபீபுக்குக் காது மூடுகிற குல்லாய் இல்லாமல் வெளியே அனுப்ப வேண்டாம் என்று சொல், அவன் குர்ஆன் ஓதுவதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். அல்லா உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் கொடுக்கட்டும், உன் நெஞ்சுக்கு நிம்மதியையும் நாக்குக்குப் பொறுமையையும் கொடுக்கட்டும், ஆமீன். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே, ஹஃப்ஸாவுக்குச் செய். ஷிப்ட் விட்டு மக்ரிப் நேரத்துக்கு வந்துவிடுவாள். மணி அடிக்கவே விடமாட்டாள், எடுத்துவிடுவாள், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரொட்டி சுடும்போதுகூடப் போனை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

துவாவுடன்
உன் அம்மி
அன்வரி பேகம்
ஹஃப்ஸா வீடு, ஆம்பூர்